கூடி வழிபடுவது எதற்காக? சேகரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்



தென்னிந்தியத் திருச்சபையில், பல சபைகளை ஒரு குருவானவரின் பொறுப்பில் இணைக்கும் நிர்வாக அலகு சேகரம் எனப்படுகிறது. அதன் வரவுசெலவு, கட்டடங்கள், பண்டிகைகள் ஆகியவற்றைக் கவனிப்பதே சேகரக் குழுவின் வேலை, ஆராதனை குருவானவரின் பொறுப்பு என்பது பொதுவாக நிலவும் எண்ணம். நடைமுறை வேறாக இருக்கிறது. ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்குத் தொடங்கும், முன்வரிசை யாருக்கு ஒதுக்கப்படும், ஒலிபெருக்கிக்கு எவ்வளவு செலவிடப்படும், நேரலைக் கேமரா எங்கே நிறுத்தப்படும், காணிக்கை அறிவிப்பு எவ்வளவு நேரம் நீளும் என்பவை பெரும்பாலும் குழுவின் தீர்மானத்தாலோ குழுவின் மௌனத்தாலோ அமைபவை. சபையார் எதற்காக ஒரே இடத்தில் கூடுகிறார்கள் என்ற கேள்வி எழுப்பப்படாமலே, இத்தீர்மானங்கள் ஒவ்வொன்றும் அதற்கு ஒரு விடையை அளித்துவிடுகின்றன. அக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பி, திருச்சபையின் வரலாறு அதற்குத் தந்துள்ள விடையைக் குழுவினர் முன் வைப்பதே இம்மடலின் நோக்கம்.

ஆராதனைக்கு வருவோரிடம் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால், ஆசீர்வாதம் பெற, நல்ல செய்தி கேட்க, வாரம் முழுவதும் பட்ட பாட்டுக்கு ஒரு மன அமைதி தேட என்ற விடைகளே பெரும்பாலும் கிடைக்கும். இங்கே செய்தி என்பது பிரசங்கத்தைக் குறிக்கும் சபை வழக்கு. இவை மெய்யான தேவைகள், எவரும் இகழத்தக்கவை அல்ல. ஆயினும் இம்மூன்றையும் ஒருவர் தனியாகவே பெற முடியும்: கதவை அடைத்துக்கொண்டு ஜெபிக்கலாம், கைபேசியில் பேர்பெற்ற பிரசங்கியார் ஒருவரின் குரலைக் கேட்கலாம், பாடல்களை ஒலிக்கவிட்டு மனம் ஆறலாம். நோக்கம் இவ்வளவுதான் என்றால், கூடுவது ஒரே நேரத்தில் பலருக்குப் பயன் தரும் ஒரு சிக்கன ஏற்பாடாக மட்டுமே எஞ்சும். அதைவிட வசதியான ஏற்பாடு கிடைத்த அன்றே அதைக் கைவிடுவதில் தவறும் இராது. புதிய ஏற்பாடு காட்டும் வழி வேறு. பிறப்பாலும் பணத்தாலும் பிரிந்து கிடக்கும் மனிதர்கள் கடவுளுக்கு முன்பாக ஒரே உடலாக நின்று அவரைத் துதிப்பதும், அத்துதியின் வழியாகவே ஒருவருக்கொருவர் பொறுப்பானவர்களாக ஆக்கப்படுவதும்தான் கூட்டு வழிபாட்டின் நோக்கம் என்பதை அது மீண்டும் மீண்டும் காட்டுகிறது. அவ்வகையில் கூடிவருதல் என்பது வழிபாட்டுக்கு முன்னதாகச் செய்யப்படும் ஆயத்தம் அன்று. வழிபாட்டின் உள்ளடக்கத்திலேயே அது ஒரு பகுதி.

இதற்கு மிகத் தெளிவான பழைய சான்று, கி.பி. 55-ஐ ஒட்டி எபேசுவிலிருந்து பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம். அக்காலத்தில் ஆலயக் கட்டடங்கள் கிடையா. இடவசதியுள்ள ஒரு விசுவாசியின் வீட்டில் சபை கூடியது. கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூர்ந்து அப்பத்தையும் திராட்சரசத்தையும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து, அந்நாளில் ஒரு முழு வேளை உணவோடு சேர்ந்தே நடந்தது. வசதி படைத்தோர் முன்னதாக வந்து, தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே உண்டு குடித்துவிட, பிறரிடம் வேலை செய்து பொழுது சாய்ந்தபின் வந்தவர்கள் பசியோடு நின்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலர் இப்பகுதிக்குத் தரும் விளக்கம். பவுல் அவர்களுடைய ஜெபத்தின் சொற்களில் குறை காணவில்லை, திருவிருந்துச் சடங்கின் முறையிலும் குறை காணவில்லை; இருந்தும், அவர்கள் உண்டது ஆண்டவருடைய விருந்தே அன்று என்று அறுதியிட்டுக் கூறிவிடுகிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்திய கூட்டத்தில், முறைப்படி நடந்த சடங்கும் செல்லாததாகிவிட்டது. அதற்கு அவர் சொல்லும் பரிகாரம் வியப்பூட்டும் அளவுக்கு எளியது: உண்ணக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும்.

இதை இன்றைய சேகரத்துக்குப் பொருத்திப் பார்ப்பது கடினமன்று. இரவுப்பணி முடித்துத் திரும்பும் செவிலியர், காலையில் இரண்டு மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டுத் தன் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைக் கிளப்பும் பெண், ஞாயிறு விடுமுறை இல்லாத கடைச் சிப்பந்தி ஆகியோர் எட்டரை மணிக்குத் தொடங்கும் ஆராதனையின் பாதியில் வந்து பின்பக்கக் கதவோரம் நிற்கின்றனர். அவர்கள் வரும்போது பாவ அறிக்கையும் வேதபாடங்களும் முடிந்திருக்கும். தாமதம் அவர்களுடைய பக்திக் குறைவு என்று எண்ணுவது எளிது. ஆராதனை நேரம் யாருடைய வசதிக்காக வகுக்கப்பட்டது என்று விசாரிப்பதோ, பவுலின் அறிவுரையைக் கையிலெடுத்துக்கொண்டு விசாரிப்பதாகும். அதைச் செய்ய வேண்டிய இடம் குழுக் கூட்டம்தான்.

அதே நிருபத்தின் 14-ஆம் அதிகாரம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. புரியாத பாஷையில் ஒருவர் ஸ்தோத்திரம் செய்தால், அருகில் நிற்கும் கல்லாதவர் அதற்கு எப்படி ஆமென் சொல்வார் என்று பவுல் அங்கே கேட்கிறார். ஜெபிப்பவரின் உள்ளம் கடவுளிடம் உயர்ந்திருப்பது மட்டும் போதாது, பக்கத்தில் நிற்கும் எளியவர் அந்த ஜெபத்தைத் தம்முடையதாக ஏற்றுக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பதே அக்கேள்வியின் பொருள். ஆமென் என்பது சபையாருக்குரிய உரிமை. அதைக் குருவானவரோ பாடகர் குழுவோ ஒலிவாங்கியில் சபையாருக்காகச் சொல்லி முடித்துவிடும் இடங்களில், சபையார் வாய் திறவாதவர்களாக ஆக்கப்படுகின்றனர்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, கி.பி. 155-ஐ ஒட்டி, பிற்காலத்தில் இரத்தசாட்சியாக மரித்த யுஸ்தீன் என்னும் ஆசிரியர், ரோமப் பேரரசர் அந்தோனினுஸ் பியுஸுக்கு ஒரு பகிரங்க விண்ணப்பம் எழுதினார். கிறிஸ்தவர்களின் கூட்டங்களைப் பற்றிப் பரவியிருந்த அவதூறுகளை மறுப்பதற்காக, ஞாயிறன்று அவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை அதில் அவர் வரிசையாக விவரித்தார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலர்களின் நினைவேடுகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் நேரம் இடங்கொடுக்கும் மட்டும் வாசிக்கப்படுகின்றன. கூட்டத்தை நடத்துபவர் புத்தி சொல்கிறார். பின்பு அனைவரும் எழுந்து நின்று ஒன்றாக ஜெபிக்கிறார்கள். அப்பமும், நீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவரப்படுகின்றன. நடத்துபவர் நன்றி செலுத்த, மக்கள் ஆமென் என்கிறார்கள். யாவரும் பங்கு பெறுகிறார்கள். இவ்வளவோடு யுஸ்தீன் நிறுத்திக்கொள்ளவில்லை. வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதே விருந்தின் பங்கை எடுத்துச் செல்வதையும், வசதியுள்ளோர் மனமுவந்து தரும் காணிக்கை கூட்டத்தை நடத்துபவரிடம் ஒப்படைக்கப்பட்டு, அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், ஊருக்குப் புதியவர்கள் ஆகியோருக்குச் செலவிடப்படுவதையும் அதே மூச்சில் சொல்கிறார். ஆராதனை எங்கே முடிந்து சமூக சேவை எங்கே தொடங்குகிறது என்று அவ்விவரணையில் கோடு கிழித்துக் காட்ட முடியாது. இன்று ஆராதனைக் கணக்கு ஒரு நோட்டிலும் ஏழைகள் நிதி இன்னொரு நோட்டிலும் இருப்பது நிர்வாக வசதிக்காக என்பது சரி. எண்ணத்திலும் அவை இரண்டாகப் பிரிந்துபோயிருப்பது யுஸ்தீனுக்கு விளங்காத செய்தியாக இருந்திருக்கும்.

அக்கூட்டங்களுக்கு வருவது ஆபத்தான செயலாக இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். கி.பி. 112-ஐ ஒட்டிப் பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியலுக்கு முன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுவதையும், திருடுவதில்லை, நம்பிக்கைத் துரோகம் செய்வதில்லை என்று உறுதி பூணுவதையும் பதிவு செய்கிறார். இதை உறுதிப்படுத்திக்கொள்ள, சபையில் பணிவிடைப் பொறுப்பு வகித்த அடிமைப்பெண்கள் இருவரை அவர் சித்திரவதை செய்திருந்தார். 304-இல், கூட்டங்களைத் தடைசெய்த ரோமப் பேரரசர் தியோக்கிளேசியனின் ஆணைக்கு மாறாக, இன்றைய துனிசியாவிலுள்ள அபித்தினே என்னும் ஊரில் ஒரு வீட்டில் கூடிய 49 பேர் கைது செய்யப்பட்டுக் கார்த்தேஜில் விசாரிக்கப்பட்டனர். தனித்தனியாக வீட்டில் ஜெபித்திருந்தால் அவர்களைப் பிடிப்பது எளிதாக இருந்திருக்காது. ஆண்டவருடைய விருந்துக்காகக் கூடாமல் தங்களால் வாழ முடியாது என்பதே அவர்களுள் ஒருவர் நீதிபதிக்குத் தந்த விடை.

தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் எதற்காகக் கூடுகிறோம் என்ற கேள்வி பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தாக எழவில்லை. இருக்கை வடிவில் எழுந்தது. 1706 ஜூலை 9 அன்று மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியபின் உருவான லுத்தரன் சபைகளில், ஒரே கூரையின் கீழ் ஒரே நற்செய்தியைக் கேட்டவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்தனர்; திருவிருந்துக்கு முன்பின்னாக வந்தனர். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும், அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஒன்றாகத் திருவிருந்துக்கு வர வேண்டும் என்று ஆணையிட்டுச் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர். கத்தோலிக்கத் தரப்பில் வடக்கன்குளம் என்னும் ஊர் இதைவிட வெளிப்படையான சான்று. அங்கே சாதியால் பிரிந்த இரு தரப்பினரும் ஒருவரை ஒருவர் பாராமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி, இரு கைகளாகப் பிரியும் ஆலயம் நடுவே சுவரோடு கட்டப்பட்டது. 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பித் தரக் கோரிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது.

அச்சுவரைக் கேட்டு வழக்காடியவர்கள் பக்தியற்றவர்கள் அல்லர் என்பதைக் குழுவினர் கவனிக்க வேண்டும். அவர்கள் பீடத்தைப் பார்த்தார்கள், மறையுரையைக் கேட்டார்கள், மனமுருகி ஜெபித்தார்கள். கடவுளோடு தனிமனிதர் கொள்ளும் உறவே வழிபாட்டின் முழு நோக்கம் என்றால், வடக்கன்குளத்துச் சுவர் வழிபாட்டுக்கு எந்த ஊறும் செய்யவில்லை என்றுதான் சொல்ல நேரிடும். அது ஊறு செய்தது என்று இன்று ஒப்புக்கொள்ளும் ஒவ்வொருவரும், பக்கத்தில் நிற்பவரோடு கொள்ளும் உறவு வழிபாட்டின் உள்ளேயே இருக்கிறது, வெளியே இல்லை என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாக உருவானபோது, அதற்கென ஒரு பொது ஆராதனை முறைமை இருக்கவில்லை. ஆராதனை முறைமை என்பது குருவானவரும் சபையாரும் மாறி மாறிச் சொல்லும் ஜெபங்களும் பதில்களும் அமைந்த ஒழுங்கு. சபைகளில் அது லித்தர்ஜி என்றே வழங்குகிறது. 1950-இல் வெளிவந்த திருவிருந்து ஆராதனை முறைமை, 1963-இல் வெளியான பொது வழிபாட்டு நூலில் இடம்பெற்று, இந்தியாவுக்கு வெளியேயும் வழிபாட்டுச் சீர்திருத்தங்களுக்கு முன்மாதிரியாக மதிக்கப்பட்டது. குருவானவர் சபைக்கு முதுகு காட்டாமல் மேசைக்குப் பின்னால் நின்று சபையைப் பார்க்க வேண்டும் என்றும், அப்பமும் திராட்சரசமும் காணிக்கையோடு சபையாரால் முன்னே கொண்டுவரப்பட வேண்டும் என்றும், நன்றி ஜெபத்தின் நடுவே சபையார் தங்கள் குரலால் இடைபுக வேண்டும் என்றும் அது வகுத்தது. இவை அலங்காரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பார்வையாளராக இருந்தவரைப் பங்காளராக ஆக்கும் உறுதியான எண்ணத்தோடு செய்யப்பட்டவை. அதே 1963-இன் டிசம்பர் 4 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டமும், மக்கள் முழுமையாகவும் உணர்வோடும் செயலூக்கத்தோடும் பங்கேற்பதையே தன் முதன்மை நோக்கமாக அறிவித்தது.

1950-இன் முறைமையில் சமாதானம் பகிர்தல் என்னும் பகுதி சற்று நின்று நோக்கத்தக்கது. கேரளத்துச் சுரியானி மரபிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட இச்செயலில், குருவானவர் மேசையருகே நிற்போருக்குச் சமாதானத்தை அளிக்க, அவர்கள் அதை வரிசை வரிசையாகச் சபையாருக்குக் கொண்டுசெல்கின்றனர். தருபவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு பொருத்த, இருவரும் தங்கள் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடிக்கொள்கின்றனர். தீட்டு என்ற பெயரில் தொடுதலே மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தில், ஒருவர் கையை இன்னொருவர் இரு கைகளாலும் பொதிந்து கொள்ளும்படி சபையின் சட்டப்படியான ஜெபப்புத்தகம் கட்டளையிட்டது எவ்வளவு துணிவான செயல் என்பது இன்று மறக்கப்பட்டுவிட்டது. மேலும், இது காணிக்கைக்கு முன்பாக வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. காணிக்கையோடு பலிபீடத்தருகே வந்தவர், தம்மீது சகோதரருக்கு மனக்குறை உண்டு என்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு கூறியதே அவ்வரிசைக்கு அடிப்படை. இப்போது பல இடங்களில் இப்பகுதி, அருகிலிருக்கும் உறவினரைப் பார்த்துக் கைகூப்பி முறுவலிப்பதோடு சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. சேகரத் தேர்தலில் எதிரெதிர் அணியாக நின்றவர்கள், அதன்பின் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அதே ஆலயத்தின் இரு பக்கங்களில் அமர்ந்து அதே மேசைக்கு வருவது எத்தனை சேகரங்களில் நடக்கிறது என்பதைக் குழுவினர் பிறரைவிட நன்கு அறிவர். அங்கே கைகள் பொருந்த வேண்டியவர்கள் முதலில் குழுவினரே.

பாடலைப் பற்றியும் இதே நோக்கில் சிந்திக்க வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) வழியில் வளர்ந்த கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பைக் கொண்டவை. ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி திரும்பி வருவதால், எழுத்தறியாத மூதாட்டியும் இரண்டாம் முறையிலேயே சேர்ந்து பாடிவிடுவார். பாட்டுப்புத்தகம் கையில் இல்லாத குழந்தையும் பாடிவிடும். சபையாரைச் சேர்த்துக்கொள்வதற்கான இந்த வழியைத் தமிழிசையே வைத்திருந்தது. இன்று வாரந்தோறும் புதிய பாடல், உயர்ந்த சுருதி, இசைக்கருவிகளின் முழக்கம் என்று ஆனபின், பாடகர் குழு பாட, சபையார் நின்றுகொண்டு திரையைப் பார்க்கும் நிலை பரவியிருக்கிறது. புதிய பாடல்கள் கூடாது என்பது இம்மடலின் கருத்தன்று. சாஸ்திரியாரின் பாடல்களும் ஒரு நாள் புதியவையே. ஒரு பாடல் சபையாரின் வாய்க்கு வரும்வரை தொடர்ந்து சில ஞாயிறுகள் பாடப்படுகிறதா, அவர்கள் பாடும்போது தங்கள் அருகிலிருப்பவரின் குரல் தங்கள் காதில் விழுகிறதா என்பவையே கேட்க வேண்டியவை. நாத்சி அரசின் இரகசியக் காவல்துறை 1937-இல் மூடிய ஃபிங்கன்வால்டே இறையியல் பயிலகத்தின் வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு, ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1939-இல் வெளியிட்ட கூட்டு வாழ்வைப் பற்றிய சிறு நூல், சபைப் பாடல் ஒரே சுரத்தில், யாருடைய குரலும் துருத்திக்கொண்டு நிற்காமல் பாடப்பட வேண்டும் என்று பிடிவாதமாக வாதிடுகிறது. இது சற்றுக் கடுமையான நிலைப்பாடுதான், பல குரலிசையின் அழகை அவர் குறைத்தே மதிப்பிட்டார். ஆனால் திறமையைக் காட்டும் குரல் சபையின் குரலை மெல்ல மெல்ல அடக்கிவிடும் என்ற அவருடைய அச்சம் பொய்க்கவில்லை.

சேர்ந்து பாடுவதிலும் சேர்ந்து அறிக்கையிடுவதிலும் வேறொரு காரியமும் நிகழ்கிறது, அதுவே கூட்டு வழிபாட்டின் மிக ஆழமான கொடை எனலாம். பிள்ளையை அடக்கம் செய்த தாய், அடுத்த ஞாயிறன்று துதிப்பாடலுக்கு எழுந்து நிற்கிறார். அவருக்கு வாய் திறக்கவில்லை. விசுவாசப் பிரமாணம், அதாவது திருச்சபை பொதுவாக ஏற்றுக்கொண்ட நம்பிக்கையின் சுருக்கம், சொல்லப்படும்போது மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்ற இடத்தில் அவர் நின்றுவிடுகிறார். அந்த ஞாயிறு அவரால் சொல்ல முடியாததை அவரைச் சுற்றி நிற்போர் அவருக்காகச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் நிலைகுலையும் நாளில் அத்தாய் அவருக்காகச் சொல்வார். அதேபோல், மனம் நிறைந்து வந்திருப்பவர் புலம்பலின் சங்கீதத்தை வாசிக்க நேரும்போது, தம்முடையதல்லாத துயரத்துக்குத் தம் குரலைக் கடனாகக் கொடுக்கிறார். தனிஜெபத்தில் ஒருவர் தம் மனநிலைக்கேற்பவே ஜெபிக்க முடியும். முறைமையில் அமைந்த பொது ஜெபமோ அவரைத் தம்மிலிருந்து வெளியே அழைத்துச் செல்கிறது. மன்றாட்டு ஜெபங்களை, அதாவது அரசுக்காகவும் பசித்தோருக்காகவும் உலகத்துக்காகவும் சபை ஒன்றாக ஏறெடுக்கும் வேண்டுதல்களை, பிரசங்கம் நீண்டுவிட்டது என்ற காரணத்தால் சுருக்கிவிடும் பழக்கம் அந்த அளவுக்குக் கேடு விளைவிக்கக்கூடியது.

இவ்வாறெல்லாம் சொல்வது மனிதரை மையமாக்கிக் கடவுளை ஓரத்தில் தள்ளுவதாகாதா, வழிபாடு கடவுளின் மகிமைக்காக மட்டுமே அல்லவா என்ற எதிர்ப்பு எழலாம். எழுவது நியாயமும் ஆகும், ஏனெனில் துதியை நல்லுறவுக்கான ஒரு கருவியாகச் சுருக்கிவிட்டால் அது துதியாகவே இராது. ஆனால் இரண்டையும் பிரித்தவர்களைத் தீர்க்கதரிசிகள் விட்டுவைக்கவில்லை. நியாயம் புரட்டப்படும் இடத்தில் எழும் பாடல்களின் இரைச்சலைக் கடவுள் கேட்க மறுப்பதாக ஆமோஸ் அறிவித்தார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம், ஆலயத்துக்குள் கிறிஸ்துவுக்குப் பட்டு உடுத்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றிக் கிடக்கும் அவரைக் கண்டுகொள்ளாமல் போவோரைக் கடிந்துகொண்டார். கடவுளின் மகிமை எந்த வகையானது என்பதை நாசரேத்து இயேசுவில் கண்டவர்கள், அதை அயலாருக்குப் புறம்பான ஒன்றாக எண்ண இடமில்லை.

2020 மார்ச் 25 முதல் நாடடங்கு நடைமுறைக்கு வந்து, அவ்வாண்டின் பெரிய வெள்ளியும் உயிர்த்தெழுதல் பெருநாளும் வீடுகளுக்குள் கடந்தபோது, நேரலை ஆராதனை தமிழ்ச் சபைகளுக்கு ஒரு பெரும் உதவியாக அமைந்தது. நோயாளிகளுக்கும் வெளிநாட்டில் வேலை செய்வோருக்கும் அது இன்றும் உதவியே. அதைத் தீமை என்று ஒதுக்குவது நன்றிகெட்ட செயல். ஆயினும் நேரலையில் பார்ப்பவர் எதையும் தர இயலாதவராக இருக்கிறார் என்பதை மறைக்க முடியாது: அவருடைய ஆமென் பிறர் காதில் விழுவதில்லை, அவருடைய கை இன்னொருவர் கையைப் பற்றுவதில்லை, அவருடைய கண்ணீரைப் பக்கத்து இருக்கைக்காரர் காண்பதில்லை. மேலும், வர இயலாதவருக்கு நேரலை இருக்கிறதே என்ற எண்ணம், அவரைத் தேடிச் செல்லும் கடமையைச் சபையின் தோளிலிருந்து இறக்கிவைத்துவிடுகிறது. கேமராவுக்கு ஏற்றபடி விளக்குகளும் நடமாட்டமும் அமையத் தொடங்கும்போது, உள்ளே அமர்ந்திருப்போரும் பார்வையாளராகிவிடுகின்றனர். 1950-இன் முறைமை அரும்பாடுபட்டுச் சம்பாதித்ததைச் சபை கேட்பாரின்றி இழக்கிறது.

தென்மாவட்டச் சபைகளுக்கு இதற்கான மாற்று மருந்து வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. ஒவ்வொரு வேளையும் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியே சேர்த்து ஆலயத்துக்குக் கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கை, சமையலறையை ஆராதனையோடு இணைத்தது; பணம் கையில் புழங்காத பெண்களும் அதனால் காணிக்கை செலுத்துவோர் ஆயினர். அசனப் பண்டிகையில் ஊரார் கூடிச் சமைத்த சோற்றையும் குழம்பையும் சபையார் வரிசையாக அமர்ந்து உண்பது, கொரிந்துவில் நடக்காமற்போனதை நடத்திக்காட்டும் வாய்ப்பு. அதில் முக்கியஸ்தர்களுக்கென்று தனி அறையும் தனிப் பந்தியும் ஏற்பாடு செய்யப்படும்போது, அவ்வாய்ப்பு குழுவின் கையாலேயே கெடுக்கப்படுகிறது. பிறந்தநாள், திருமணநாள் ஸ்தோத்திரக் காணிக்கைகளை அறிவிக்கையில் பெயரோடு தொகையையும் வாசிக்கும் வழக்கமும் அத்தகையதே. பொன்மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும் கந்தை அணிந்தவருக்குக் காலடியும் காட்டப்படுவதை யாக்கோபின் நிருபம் கண்டித்தது இந்த மனப்போக்கைத்தான். பெயர் வாசிக்கப்படட்டும், அவருக்காகச் சபை ஜெபிக்கட்டும். தொகை கணக்குப் புத்தகத்தில் இருந்தால் போதும்.

ஆகவே அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், வரவுசெலவுக்கும் கட்டட நிதிக்கும் முன்பாக, மூன்று பொருள்கள் இடம்பெறுமாறு இம்மடல் வேண்டுகிறது. உழைப்பின் காரணமாக இப்போதைய நேரத்துக்கு வர இயலாதோரைக் கேட்டறிந்து ஆராதனை நேரத்தை மறுபரிசீலனை செய்தல் ஒன்று. சமாதானம் பகிர்தலுக்கு உரிய நேரத்தை ஒதுக்கி, 1950-இன் முறைமையில் உள்ளபடி மேசையிலிருந்து கடைசி வரிசை வரை அது சென்று சேர வழி செய்தல் மற்றொன்று. திருவிருந்து நடைபெறும் ஞாயிறுகளில், அன்று பிற்பகலே குருவானவரோடு குழுவினர் இருவர் படுக்கையிலிருப்போரின் வீடுகளுக்குத் திருவிருந்தோடு செல்லுதல் மூன்றாவது. இதற்கு முதல் வேலையாகச் சபைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கடந்த ஓராண்டில் ஒருமுறைகூடத் திருவிருந்துக்கு வராத குடும்பங்கள் எவை என்று குறித்து, ஒவ்வொரு குடும்பத்தையும் யார் எந்த நாளில் சென்று பார்ப்பது என்பதை அக்கூட்டத்திலேயே பங்கிட்டுக்கொள்ளலாம்.